எலுமிச்சம்பழம் வைக்க முடியாத சொத்து

அக்டோபர் 3, வியாழன்

இன்றைக்கு நூற்று நாற்பது பேர் நடுவில் என் மானம் போனது. போனது போகட்டும், எழுதியாவது வைப்போம். இருபத்தாறு வருஷமாக மெயின்டனன்ஸ் வேலை. எந்த பெல்ட் எப்போது அறுந்தது, எந்த பேரிங் எப்போது சத்தம் போட்டது என்று டைரியில் குறித்துக் குறித்துக் கை பழகிவிட்டது. இன்று அறுந்தது நான்.

கேன்டீன் ஷெட்டில் போனஸ் கூட்டம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பத்மநாபன் சார் ஒரு தாளை வைத்து வாசித்தார். எண்ணெய் ஆட்டுகிற எக்ஸ்பெல்லர் விற்றது இவ்வளவு, கொப்பரை உலர்த்தி விற்றது இவ்வளவு, சம்பளம், இரும்பு, கரண்டு. கடைசியில், "தேய்மானச் செலவு ஒரு கோடியே தொண்ணூத்தி ரெண்டு லட்சம். அதனால லாபம்னு ஒண்ணும் நிக்கலை. சட்டத்துல இருக்கிற குறைஞ்சபட்சம், எட்டு புள்ளி மூணு மூணு பர்சென்ட்தான் தர முடியும்."

போன வருஷம் இருபது. ஆளுக்குப் பதினாறாயிரத்து எண்ணூறு. இந்த வருஷம் ஏழாயிரம் என்கிறார். தீபாவளிக்கு இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

நான் சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கினேன். "சார், இந்த ஒரு கோடியே தொண்ணூத்தி ரெண்டு லட்சத்தை யாருக்குங்க குடுத்தீங்க? செக்குங்களா, ரொக்கமுங்களா?"

"யாருக்கும் குடுக்கலை ஆறுச்சாமி. அது காசா வெளிய போற செலவு இல்லை."

"வெளிய போகலைன்னா உள்ளதானுங்க இருக்கோணும்? எடுத்துட்டு வாங்க, பிரிச்சுக்கலாம்."

ஷெட் அதிர்ந்தது. எவனோ விசில் அடித்தான். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. பத்மநாபன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மொபெட் என்ன விலைக்கு வாங்கினீங்க?"

"நாப்பத்தஞ்சாயிரங்க."

"இப்ப வித்தா?"

"எட்டாயிரம் வந்தா அதிசயம்."

"அந்த முப்பத்தேழாயிரத்தை எடுத்துட்டு வாங்க. நாம பிரிச்சுக்கலாம்."

இதற்கு முன்னதைவிடப் பெரிய விசில். அதே ஆள்தான் அடித்தான், சத்தம் தெரிகிறது. யூனியன் செயலாளர் குப்புராஜண்ணன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் கணக்கைப் பார்க்க மூன்று பேர் கமிட்டி போட்டார். அதில் என் பெயர். "அண்ணா, நான் பத்தாவதுல கணக்குல முப்பத்தாறு மார்க்கு" என்றேன். "பாஸ்தானேடா, போ" என்றார்.

அக்டோபர் 4, வெள்ளி

கம்ப்ரசர் பெல்ட் மாற்றினேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

சாந்தாமணியிடம் விஷயத்தைச் சொன்னேன். கேரட் அரிந்துகொண்டே, "நகைக்கடையில சேதாரம்னு போடுவானே, அதுங்களா?" என்றாள். ஏறக்குறைய அதுதான் என்றேன். "அப்ப ஏமாத்துத்தான்" என்றாள். என் மனைவியின் தணிக்கை அதோடு முடிந்தது. கட்டணம் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

வீட்டிலேயே கணக்குப் படித்த ஆளை வைத்துக்கொண்டு நான் ஏன் வெளியே தேட வேண்டும்? மகள் தாரணி சி.ஏ. படிக்கிறாள். நடுப் பரீட்சை எழுதித் தேறி, இப்போது ராம்நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பயிற்சி. ரெண்டு வருஷம் அங்கே இருந்தால்தான் கடைசிப் பரீட்சை எழுத விடுவார்களாம். பதினோரு மாதம் முடிந்திருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டு வழியிலும் டிகிரி வாங்கிய முதல் ஆளே அவள்தான். அவள் பேருக்குப் பின்னால் அந்த ரெண்டு எழுத்து வருகிற நாளுக்காகத்தான் நான் இன்னும் ஓவர்டைம் பார்க்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"பொதுவா சொல்றனுங்கப்பா. உங்க கம்பெனியப் பத்தி மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க."

"ஏனம்மிணி?"

"பொதுவாத்தான் சொல்லுவேன்."

சொன்னாள். ஒரு கடைசல் எந்திரம் பதினைந்து லட்சத்துக்கு வாங்குகிறோம். பதினைந்து வருஷம் ஓடும். வாங்கிய வருஷமே பதினைந்து லட்சமும் செலவு என்று எழுதினால் அந்த வருஷம் படுநஷ்டம், அடுத்த பதினாலு வருஷம் ஓசியில் ஓடியது போலத் தெரியும். இரண்டும் பொய். அதனால் வருஷத்துக்கு ஒரு லட்சம் தேய்ந்தது என்று எழுதுவது.

"காசு அன்னிக்கே போயிருச்சு. செலவு மட்டும் மெதுவா வருது."

"அப்ப பத்மநாபன் சொன்னது நெசந்தானா?"

"தேய்மானம் நெசம். எதெது தேயுதுன்னு ஒரு பதிவேடு இருக்கும். ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு வரி. எப்ப வாங்கினது, என்ன விலை, எத்தன வருஷம்னு. எந்தக் கம்பெனியானாலும் அதத்தான் மொதல்ல பாக்கோணும்."

எல்லாம் சரி. ஆனால் கம்பெனியைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று ஏன் சொன்னாள்? அவளுக்கும் என் கம்பெனிக்கும் என்ன? எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். தலையில் பாதிக்கு எண்ணெய் வைக்கவே இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை லீவு, அதனால் இன்றைக்கே கம்பெனியில் பூஜை. ஒவ்வொரு எந்திரத்துக்கும் திருநீறு, சந்தனப் பொட்டு, தலையில் ஒரு எலுமிச்சம்பழம். எத்தனை பழம் என்று ஸ்டோருக்கு எழுதிக் கொடுப்பது வருஷா வருஷம் என் வேலை. ஓடுகிற எந்திரம் ஒன்றுகூட விடுபடக் கூடாது. ஒரு வருஷம் டிரில்லிங் மிஷின் ஒன்றுக்குப் பழம் வைக்க மறந்து, மறுநாளே அதன் மோட்டார் எரிந்துபோக, இன்றுவரை என்னைத்தான் சொல்லிக் காட்டுகிறார்கள்.

எழுபத்தொரு பழம். எண்ணி வைத்து முடித்து, பொரி தின்னும்போது ஞாபகம் வந்தது. கமிட்டி கேட்டதற்காக நேற்று பத்மநாபன் சார் சொத்துப் பதிவேட்டின் நகலைக் கொடுத்திருந்தார். எடுத்து எண்ணினேன். எந்திரங்கள் எழுபத்தெட்டு வரி.

திரும்ப எண்ணினேன். எழுபத்தெட்டுதான்.

ஏழு எந்திரம் காகிதத்தில் தேய்கிறது, பூமியில் இல்லை. பொரியைக் கீழே வைத்தேன். குப்புராஜண்ணன் காதில் ஊதினேன். "மாட்டினாங்கடா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. திருட்டைப் பிடித்தவன் நடை நடந்து வீட்டுக்கு வந்தேன். சாந்தாமணி, "கால்ல என்ன சுளுக்கா?" என்று கேட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

நடை போய்விட்டது.

கமிட்டி மூவரும் பத்மநாபன் சார் அறைக்குப் போனோம். எலுமிச்சம்பழக் கணக்கை மேசையில் வைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏழு வரியையும் பென்சிலால் வட்டம் போட்டார்.

"இதுல அஞ்சு மிஷின், இருபது வருஷத்துக்கு முந்தி வாங்கினது, இப்ப ஓட்டத்துலயே இல்லை. தேய வேண்டியதெல்லாம் தேஞ்சாச்சு. வரி மட்டும் நிக்குது. இந்த வருஷத் தேய்மானம் எவ்வளவுன்னு வாசிங்க."

வாசித்தேன். சுழி.

"மீதி ரெண்டு ஷேப்பிங் மிஷின். அதைப் பிரிச்சு வேற மிஷினுக்கு ஸ்பேர் போட்டது யாரு?"

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். கீழே என் கையெழுத்து. ஆறு வருஷம் முன்னால் நானே பிரித்துத் தின்ற எந்திரங்களைத் திருடு போனது என்று புகார் கொடுக்கப் போயிருக்கிறேன்! குப்புராஜண்ணன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். மூன்றாவது ஆள் செல்வமணி என் பக்கமிருந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

ஆனால் ஒன்று புரிந்தது. கிழட்டு எந்திரம் கணக்கில் ஒன்றும் தின்பதில்லை. தின்பதெல்லாம் புதுசு. வாசலில் டீ குடித்துக்கொண்டே, தேய்மானம் அதிகமுள்ள வரிகளை மட்டும் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். சி.என்.சி. எந்திரம் இரண்டு. சரி, இருக்கிறது, பழம் வைத்தோம். பவுடர் கோட்டிங் பிளான்ட். இருக்கிறது. கட்டடம். இருக்கிறது, ஒழுகுகிறது.

அப்புறம் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு வரி. "தொழில்நுட்ப அறிவு. இரட்டைக் கியர் எக்ஸ்பெல்லர் வடிவமைப்பும் வரைபடங்களும். விலை இரண்டு கோடியே நாற்பது லட்சம். ஐந்து வருஷம். அமார்டைசேஷன் நாற்பத்தெட்டு லட்சம்."

செல்வமணியைக் கேட்டேன், இது எந்த ஷெட்டில் இருக்கிறது என்று. அவருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

நாற்பத்தெட்டு லட்சம், தலையும் இல்லை வாலும் இல்லை.

அக்டோபர் 16, புதன்

தாரணி சாப்பிட உட்கார்ந்ததும், "அமார்டைசேஷன்னா என்னம்மிணி?" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாத சொத்துக்குத் தேய்மானங்கப்பா. ஒரு டிசைன், ஒரு சாஃப்ட்வேர், ஒரு உரிமை. காசு குடுத்து வாங்கினது, ஆனா தொட்டுப் பாக்க முடியாது. அதையும் இத்தன வருஷத்துக்குப் பயன்படும்னு பிரிச்சுச் செலவு எழுதறது."

"தொட முடியாததுக்கு நெசமாவே வாங்கினாங்கன்னு எப்படித் தெரியும்?"

"என்ன வந்துச்சுன்னு காகிதம் இருக்கோணும். யாரு வரைஞ்சாங்க, எப்ப குடுத்தாங்கன்னு."

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து அவள் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். ஒரு தடவைதான் பார்த்தாள். சோறு பிசைகிற கை நின்றுவிட்டது.

"அப்பா, இதை எனக்குக் காட்டாதீங்க."

"பொதுவாத்தான் கேக்கறேன்."

"இது பொது இல்லை." தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள்.

மெயின்டனன்ஸ்காரன் நான். சத்தம் வந்தால் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 18, வெள்ளி

செய்யக் கூடாததைச் செய்தேன். அரை நாள் லீவு போட்டு, தாரணி டிபன் பாக்சை மறந்துவிட்டாள் என்று அவள் ஆபீசுக்குப் போனேன். அவள் மறக்கவில்லை. காலையில் அவள் பையிலிருந்து நான்தான் எடுத்து ஒளித்தேன். பெற்ற பெண்ணின் லெமன் சோற்றைத் திருடிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாடிப் படியேறிப் போனால் சுவரோரம் ஃபைல் கட்டுகள். வெள்ளை நாடா கட்டி, மேலே கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தது. மூன்றாவது கட்டில் எங்கள் கம்பெனிப் பெயர்.

எங்கள் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் ஆபீஸ். இத்தனை நாள் சொல்லவே இல்லை. தாரணி உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்த கட்டைப் பார்த்தாள்.

"பாக்சைக் குடுத்துட்டுப் போங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது மனசு எங்கெங்கோ போனது. அந்த நாற்பத்தெட்டு லட்சம் பொய் என்று இவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூடுகிறார்கள், இவளும் சேர்ந்து மூடுகிறாள். அங்கே அப்பன் ஏழாயிரத்துக்குக் கை நீட்டி நிற்கிறான், இங்கே மகள் அதற்கு ஆமாம் போடுகிறாள். சிங்காநல்லூரில் இறங்க வேண்டியவன் ஒண்டிப்புதூரில் இறங்கினேன்.

அக்டோபர் 19, சனி

காலையில் சாந்தாமணியிடம் கொட்டித் தீர்த்தேன். கேட்டு முடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அவ ஒரு மாசமா சோறு எறங்காமச் சுத்தறா. நீங்க எலுமிச்சம்பழத்தையே எண்ணிட்டிருங்க."

"என்ன சொன்னா உங்கிட்ட?"

"எந்தக் கம்பெனின்னு சொல்லலை. ஒரு கணக்குல, இந்த டிசைனை யாரு வரைஞ்சாங்க, என்ன காகிதம் வந்துச்சுன்னு இவ எழுதிக் கேட்டாளாம். அந்தக் கம்பெனி மேனேஜர் நேரா வந்து ஆடிட்டர்கிட்டச் சத்தம் போட்டானாம். கேள்விய அடிச்சுட்டு இவள வேற வேலைக்கு மாத்திட்டாங்களாம். இன்னொரு தடவ இப்படின்னா வீட்டுக்குப் போயிரலாம்னு ஆடிட்டர் சொன்னாராம். படிப்பு நின்னு போயிருமோன்னு அழுதா."

ஏறக்குறைய நான் கூட்டத்தில் கேட்ட கேள்விதான். எனக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறாள். நான் விசிலுக்காகக் கேட்டேன், இவள் தனியாகக் கேட்டிருக்கிறாள்.

லெமன் சோற்றுக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று சாயங்காலம் ரெண்டு தடவை அவள் அறை வாசல் வரை போனேன். ஃபேன் சத்தம் சரியில்லை என்று சொல்லி எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பரணிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். இத்தனை நாள் நாற்பத்தெட்டு லட்சத்திலேயே கண் இருந்தது; யார் வரைந்தது என்ற தாரணியின் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அந்த இரட்டைக் கியர் எக்ஸ்பெல்லர் ஞாபகம் வந்தது. அந்த எந்திரத்துக்கு டிசைன் என்று எவனும் கொண்டுவரவில்லை. காங்கேயத்து எண்ணெய் மில் ஒன்றிலிருந்து பழைய கியர் பெட்டியை வாங்கி வந்து, பிரித்து, ஷெட் தரையில் சாக்பீசால் முழு அளவில் வரைந்து பல்லை எண்ணியது நானும் டர்னர் பொன்னுரங்கமும். எங்கள் ஷெட்டில் எதையும் அப்படித்தான் செய்வோம். தரைதான் எங்களுக்குக் காகிதம்.

ரெண்டு வருஷம் முந்தைய டைரியில் இருந்தது. "மார்ச் 12. காங்கேயம் கியர் பெட்டி பிரித்தோம். பல் 18, 54. தரையில் வரைந்தாச்சு. பொன்னுரங்கத்துக்கு முதுகு வலி." "ஜூன் 30. முதல் மிஷின் ஓடியது. சத்தம் கொஞ்சம். முதலாளி ஆளுக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகு."

பதிவேட்டில் டிசைன் வாங்கிய தேதி, அதே வருஷம் ஆகஸ்ட் 22.

எந்திரம் ஓடி ஏழு வாரம் கழித்து அதற்கு டிசைன் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு பொண்ணு பார்க்கப் போன கதை.

அக்டோபர் 22, செவ்வாய்

குப்புராஜண்ணனிடம் டைரியைக் காட்டினேன். பதிவேட்டில் அந்த டிசைனை விற்ற கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் தொடையில் அடித்தார். "இது மொதலாளி மாப்பிள்ளையோடதுடா. போர்டுகூட இல்லாத கம்பெனி. ஏதோ ஒரு வழில பணத்த மாப்பிள்ளைக்குத் தள்ளிட்டு, அத நம்ம லாபத்துல அஞ்சு வருஷம் கழிக்கறான்."

"அண்ணா, இதுல என்ற பொண்ணு ஆபீஸ்..."

"உன்ற பொண்ணு என்ன பண்ணுச்சு? டைரி உன்னுது, சாக்பீஸ் உன்னுது. தெம்பாப் பேசு."

சரிதான். நான் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். தாரணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

பதினெட்டு பர்சென்ட்!

ஆளுக்குப் பதினைந்தாயிரத்து நூற்று இருபது. பேச்சு இரண்டு மணி நேரம் நடந்தது. டைரியைக் காட்டினேன். பத்மநாபன் சார், "கிரீஸ் அப்பின நோட்டு. நேத்து உக்காந்துகூட எழுதியிருக்கலாம், இதெல்லாம் எங்க நிக்கும்?" என்று தள்ளிவிட்டார். பேச்சு அங்கேயே நின்றுபோனது. அப்புறம் அவர் என்னிடம் ஏதோ கேட்டார். அப்புறம் வெளியே போய் முதலாளியிடம் போன் பேசினார். திரும்பி வந்து பதினெட்டு என்றார். அந்த டிசைன் பேச்சை ஒப்பந்தத்தில் எழுதக் கூடாது, வெளியே பேசக் கூடாது என்று ஒரு நிபந்தனை. குப்புராஜண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ஷெட்டில் என்னைத் தோளில் தூக்கினார்கள். எண்பத்தி மூன்று கிலோ, பாவம். அன்றைக்கு விசில் அடித்தவன் என் இடது காலைப் பிடித்திருந்தான்.

அக்டோபர் 25, வெள்ளி

பவர் ஹேக்சா பிளேடு மாற்றினேன். வேலையே ஓடவில்லை. ஆளாளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒன்பது டீ.

பொன்னுரங்கம் வந்து, "எங்க வீட்டுக்காரி உங்க பேர்ல அர்ச்சனை பண்ணோணும்னு நட்சத்திரம் கேக்கறாங்கண்ணா" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரியும். பூரட்டாதி.

அக்டோபர் 28, திங்கள்

போனஸ் கணக்கில் ஏறிவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தாரணியின் செருப்பு வாசலில் இருந்தது.

ஆடிட்டர் சார் வேறு ஆபீஸ் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். கம்பெனி விஷயத்தை வீட்டில் பேசியிருக்கிறாய் என்றாராம். பேசவில்லை என்று இவள் சொன்னதை அவர் கேட்கவில்லையாம். பயிற்சியைப் பாதியில் விட்ட பிள்ளையை எடுக்க மற்ற ஆபீசில் ஆயிரம் கேள்வி கேட்பார்களாம். சாந்தாமணி என்னைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

ராம்நகர் போனேன். இந்தத் தடவை டிபன் பாக்ஸ் இல்லாமல்.

ஆடிட்டர் பெரியவர், மரியாதையான மனுஷன், உட்காரச் சொன்னார். "சார், என்ற பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. அந்த டிசைனை நான்தான் தரையில வரைஞ்சேன். எனக்கே தெரியுமுங்க. டைரி இருக்குது" என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் டைரியை வாங்கவில்லை.

"கூட்டத்துல பத்மநாபன் உங்ககிட்ட நேராவே கேட்டாராமே? 'இது உங்க பொண்ணு சொல்லித்தானே'ன்னு?"

"கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சுவரில் கணபதி படம் போட்ட காலண்டர். அதையே பார்த்தேன்.

"அன்னிக்கு மறுத்திருந்தா எனக்கும் சொல்ல ஒரு வழி இருந்திருக்கும். இப்ப போனஸ் வாங்கின பிறகு வந்து சொல்றீங்க. யாரு நம்புவா?" மேசையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு, "நல்ல பொண்ணு. வேற எடம் கெடைச்சா மாத்தல் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இங்க வேண்டாம்" என்றார்.

24ஆம் தேதி "ஏதோ கேட்டார்" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? கேட்டது அதுதான். ஆடிட்டர் ஆபீசில் கேள்வி எழுப்பிய பெண் என் மகள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கேட்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த ஆள், மேல் உதடு வேர்த்திருந்தது. என் டைரிக்கு அவர் பயப்படவில்லை. கணக்கில் கையெழுத்துப் போடுகிற ஆபீசிலிருந்து விஷயம் வெளியே வந்துவிட்டது என்றுதான் பயந்தார். எனக்கு அது அந்த நிமிஷமே தெரிந்தது. குப்புராஜண்ணனுக்கும் தெரிந்தது, மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன், கடைசிச் சொட்டு வரைக்கும். குடித்து வைப்பதற்குள் பத்மநாபன் சார் போனோடு எழுந்துவிட்டார்.

எட்டு பதினெட்டானது அந்தத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில்தான்.

அக்டோபர் 30, புதன்

காலையில் எல்லோருக்கும் துணி எடுத்தோம். தாரணி தனக்கு வேண்டாம் என்று சொல்லி, அப்புறம் அம்மாவுக்காக ஒரு சுடிதார் எடுத்தாள். திருச்சி ரோட்டில் ஓர் ஆபீசில் வரச் சொல்லியிருக்கிறார்களாம், தீபாவளி கழித்து. எடுப்பார்களா தெரியாது. காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நான் அதிரசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க டைரிய அம்மா காட்டினாங்க. மார்ச், ஜூன் பக்கம் மட்டும். ஒரு மாசமா நான் கேட்ட காகிதம் நம்ம பரண்ல இருந்திருக்குது."

"உனக்குத் தெரியாதே அம்மிணி."

"தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அது எங்க வேலையில முடியாது." சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு. "ஒண்ணு கேக்கட்டுங்களா? கூட்டத்துல என் பேர் வந்துச்சாமே?"

"வந்துச்சு."

"நான்தான் சொன்னேன்னு பத்மநாபன் அவராவே முடிவு பண்ணிட்டாராக்கும்."

"ஆமா."

வெல்லத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். என் முட்டி மேல் கையை வைத்தாள்.

"மொகத்த இப்படி வெச்சுக்காதீங்கப்பா. நூத்தி நாப்பது குடும்பத்துக்குத் தீபாவளி வந்திருக்குது. அவரா ஒண்ண நெனச்சுக்கிட்டா, அந்த எடத்துல நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்?"

நான் வெல்லத்தைத் தட்டினேன். ஏற்கனவே தூளான வெல்லத்தை.

"இல்லீங்க சார்"னு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்க முடியும், அம்மிணி.